நாங்கள் கொடுத்த சட்டை

பக்கத்து வீட்டுக்காரியை நான் அறைந்தேன். கையில் இஸ்திரிப் பெட்டியோடு தரையில் குந்தியிருந்தவளை, அவள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கன்னத்தில் ஓங்கி ஒன்று. பெட்டி கீழே விழுந்து ஒயர் பிய்ந்துகொண்டது. அது என் பெட்டிதான். காலையில் வந்து இரவல் கேட்டாள். எதற்கு என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன். பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஓடினேன்.

அவள் புருஷனை முந்தின நாள் காலையில் சவுக்குத் தோப்பிலிருந்து போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. யாரோ ஒருவருடைய கழனியில் போர்வெல் மோட்டார் கேபிளை அறுத்துவிட்டார்களாம். இந்தப் பக்கத்தில் கேபிள் காணாமல் போனால் ஜீப் நேராக எங்கள் தெருவுக்குத்தான் வரும். வழி தெரிந்த மாடு மாதிரி வரும்.

"இன்னாத்துக்குடி இஸ்திரி போட்ற?" என்று வாசலிலிருந்தே கேட்டேன்.

"ஏட்டு போன் பண்ணாருக்கா. அவர கோர்ட்டுக்கு இட்டுக்கினு போறாங்களாம். நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துக்கினு வான்னாரு. முழுக்கையா இருந்தா தேவலன்னாரு."

முழுக்கை என்று அவள் வாயிலிருந்து வந்ததுதான் தெரியும். என் கை தானாக எழுந்தது.

அவள் புருஷன் உயிரோடு திரும்பி வருவதும் வராததும் அந்தச் சட்டையில்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதற்கு என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு ஒன்றும் ஆசையில்லை.

உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி எங்கள் தெரு. தெரு என்றால் பதினாலு தொகுப்பு வீடு, ஒரு கைப்பம்பு, ஒரு கரண்ட் கம்பம், அவ்வளவுதான். நாங்கள் இருளர். சவுக்கு வெட்டு, கரும்பு வெட்டு, அறுப்பு முடிந்தால் வரப்பில் எலி பிடிப்பது என்று பிழைப்பு ஓடும். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊராம். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களையும் வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். "எங்க ஆளுங்களும் ஓட்டுப் போட்டாங்களா சார்?" என்று நான் கேட்டேன். வாத்தியார் நடுமண்டையில் குட்டினார். பதில் தெரிந்துவிட்டது.

நாங்கள் அழுக்கு என்று ஊரே சொல்லும். வகுப்பில் கடைசி வரிசை, கடையில் கடைசி ஆள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அதனாலேயே என் அம்மாவுக்கு ஒரு வெறி. ஆபீசோ ஆஸ்பத்திரியோ ரேஷன் கடையோ, தெருவைத் தாண்டி எங்கே போனாலும் தேய்த்துக் குளிக்க வேண்டும், இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்த வேண்டும். பீர்க்கங்கூட்டை வைத்து எங்கள் முதுகைத் தேய்ப்பாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "அயுக்கா போனா நாய தொரத்தற மாதிரி தொரத்துவாங்கடி" என்பாள். அம்மா மட்டுமில்லை, தெருவே அப்படித்தான். சோற்றுக்கு இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு நல்ல சட்டை டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

சாதிச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டபோது விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அம்மா எங்களைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, தீபாவளித் துணியைப் போட்டு நிறுத்தினாள். அவர் ஏற இறங்கப் பார்த்தார். "பார்த்தா இருளர் மாதிரித் தெரியலையே" என்று எழுதிவிட்டுப் போனார். சான்றிதழ் வரவில்லை. அடுத்த முறை விவரம் தெரிந்தவர் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தபடி கிழிசலைக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியும் எலி வளையில் புகை போடும் பானையுமாகப் போய் நின்றோம். எலி பிடித்துக் காட்டச் சொன்னார்கள். தம்பி வளைக்குள் கையை விட்டான். எலி அவன் விரலைக் கடித்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட எலியைத் தூக்கிக் காட்டினான். அவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் சான்றிதழ் வந்தது. சர்க்காருக்கு எங்கள் துணிதான் கண்ணில் படும் என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லையே, பாழாய்ப்போன புத்தி!

நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பிக்கு இருபத்தாறு வயது. மாசியில் நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள், தெருவிலேயே முதல் ஆள் என்று கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் இஸ்திரிப் பெட்டி. அந்தச் சம்பளத்தில்தான் அவன் நிச்சயத்துக்கு வாலாஜாபாத்தில் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக்கொடுத்தேன். முழுக்கை.

அவனையும் தோப்பிலிருந்துதான் தூக்கினார்கள். மஃப்டியில் இரண்டு பேர். அவன் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்கி, அதன் காம்பாலேயே முழங்காலுக்குக் கீழே இரண்டு போட்டு, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். கேபிள் கேஸ்தான். கூட வெட்டிக்கொண்டிருந்தவர்கள் போன் பண்ணினார்கள். நான் ஷிப்டை விட்டுவிட்டு, பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. அம்மா ஸ்டேஷன் எதிரே புங்கமரத்தடியில் நின்றிருந்தாள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் கைப்பையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு சட்ட விழிப்புணர்வு முகாமில் கொடுத்தது. கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும், அடிக்கக் கூடாது என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். அதை மடிப்புப் பிரித்து மேசையில் வைத்தேன். அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி முழுசாகப் படித்தார். கோபப்படவே இல்லை.

"நல்லா கீதே. யாரு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு, டீ கிளாஸை அதன் மேல் வைத்தார்.

எங்களை வெளியே போகச் சொன்னார்கள். புங்கமரத்துக்கு நேர் எதிரே ஸ்டேஷனின் பின்சுவர். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஆரம்பித்தது. உரலில் மாவு இடிக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒரே சீராக. நடுநடுவே தம்பியின் குரல்.

"யம்மோவ்! நான் எடுக்கல சாமி! யம்மோவ்!"

அம்மா கேட்டைப் பார்த்து ஓடினாள். ஒரு போலீஸ்காரி அவளை நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாள். அம்மா ஜல்லியில் விழுந்து முட்டி பிளந்துகொண்டது. நான் போலீஸ்காரியின் கையைப் பிடித்து முறுக்கினேன். அவள் விட்ட அறையில் என் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். நான் சும்மா இருக்கிற ஆளில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்துவிட்டேன்.

அம்மா விழுந்த இடத்திலிருந்தே என் காலைக் கட்டிக்கொண்டாள். "போட்றி கீய! உள்ள ஒண்ணு கீது. உன்னியும் குடுத்துட்டு நான் இன்னாடி பண்ணுவேன்?"

கல்லைப் போட்டேன். நாலு மணிவாக்கில் தம்பியின் குரல் நின்றுவிட்டது. இடிக்கிற சத்தம் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் ஏட்டு ஒருத்தர் வெளியே வந்தார். நரைத்த மீசை, விபூதி, சாதுவான முகம். அம்மாவுக்குக் கடையிலிருந்து டீ வாங்கிவந்து கொடுத்தார். இரண்டு நாளில் எங்களோடு மனுஷத்தனமாகப் பேசினவர் அவர் ஒருத்தர்தான்.

"உயிரோட கீறானா சார்?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா பேச்சு இது? நல்லா கீறான். கோர்ட்டுக்கு இட்டுக்கினு போவப் போறோம். அயுக்கு லுங்கியோட ஜட்ஜு முன்னாடி நிறுத்தினா உங்களுக்குத்தான மரியாத இல்ல? நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துக்கினு வா. முழுக்கை. பேண்டு இருந்தா அத்தயும்."

நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இந்தக் கையால்தான். கோர்ட்டுக்குப் போகிறான் என்றால் நோட்டீஸில் போட்டிருந்த இருபத்துநாலு மணி நேரம் வேலை செய்கிறது, நான் மேசையில் வைத்த காகிதம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடினோம். தரையில் கம்பளியை விரித்து, தண்ணீர் தெளித்து, அந்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். "காலர இன்னொரு தபா போடு, கசங்கிக்கினு கீது" என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பையில் சீப்பு வைத்தோம். பவுடர் டப்பா வைத்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அரைமணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

ஏட்டு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, வாய் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பையை அம்மாவிடம் கொடுத்தார். அவன் போட்டிருந்த பழைய துணி. "வூட்டுக்கு எடுத்துக்கினு போயி தொவச்சிடும்மா" என்றார். அம்மா அப்படியே செய்தாள். கைப்பம்பில் உட்கார்ந்து, தண்ணீர் சிவப்பாக ஓடுவது நிற்கும் வரைக்கும், அழுதுகொண்டே, இரண்டு சோப்பைக் கரைத்துத் துவைத்தாள். அழுக்குத் துணியை வீட்டில் வைத்திருக்க அவளால் முடியாது.

நான் கோர்ட்டுக்குப் போனேன். வழியில் அவனை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்கள். உள்ளே போன வேகத்தில் டாக்டர் கையெழுத்தோடு வெளியே வந்தார்கள். எல்லாம் சட்டப்படி. தம்பியை இரண்டு போலீஸ்காரர்கள் இரண்டு முழங்கையையும் பிடித்து நடத்திவந்தார்கள். தலையை வாரிவிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கசங்காத காலர், முகத்தில் பவுடர். அங்கே நின்ற யாரும் அவனை இருளன் என்று சொல்ல முடியாது. என் தம்பி எவ்வளவு நன்றாக இருக்கிறான் என்று நினைத்தேன். அடி செருப்பால, அப்படித்தான் நினைத்தேன்!

நீதிபதி கேட்க வேண்டியதைக் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். "போலீஸ் அடிச்சாங்களா? ஏதாவது சொல்லணுமா?"

தம்பி பக்கத்தில் நின்ற ஏட்டைப் பார்த்தான். "இல்லீங்க ஐயா."

அப்போதுதான் அவன் கை என் கண்ணில் பட்டது. கைமுனைப் பொத்தான் போட்டிருந்தது. அவன் ஒருநாளும் அந்தப் பொத்தானைப் போட்டதில்லை, எந்தச் சட்டையானாலும் முழங்கை வரைக்கும் சுருட்டித்தான் விடுவான். பொத்தானுக்குக் கீழே கை, புளித்த மாவு மாதிரி உப்பி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா நின்றேன். கோர்ட்டில் கத்தினால் 'இதுங்களே இப்படித்தான்' என்பார்கள் என்று தோன்றியது. ஜெயிலுக்குப் போனால் அடி நின்றுவிடும், இரண்டு நாளில் பெயிலில் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது. கல்லை எடுத்த நான்தான், வாயைத் திறக்கவில்லை. நீதிபதி கையெழுத்துப் போட்டார், அவனைக் கூட்டிப்போனார்கள்.

ஆறாம் நாள் ஜெயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வழியில் செத்துப்போனான். உடம்பை வாங்கும்போது திருப்பிப் போட்டுக் காட்டச் சொன்னேன். முதுகில் தோல் என்று ஒன்று இல்லை. பாதங்கள் இரண்டும் கறுத்து வெடித்திருந்தன. சட்டையை மடித்து ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். விசாரித்த அதிகாரி நல்லவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கோர்ட்டில் அவனைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

"அவர் போட்டிருந்த சட்டை யாருடையது?"

"எங்களுதுதான் சார். நான் குடுத்தேன்."

"அதுல ரத்தம் இருந்ததா?"

"இல்ல சார்."

"அதுக்கு முன்னாடி போட்டிருந்த துணி?"

"அம்மா தொவச்சிடுச்சு சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கு அவர் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம். நீதிபதி முன்னால் நிறுத்தியபோது காயம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்தார்கள். ஜெயில் பாத்ரூமில் விழுந்திருக்கலாமாம். ஏட்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? டீ வாங்கிக்கொடுத்தார், நல்ல சட்டை கொண்டுவரச் சொன்னார். பெற்றவளும் கூடப்பிறந்தவளுமே சாட்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சட்ட உதவித் தன்னார்வலர் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முகாம் முகாமாகப் போனேன். நாடு முன்னேறுகிறது என்று பேசுகிறவர்கள் பேசினார்கள். ரோடு நாலு வழியாகிவிட்டது, எங்கள் தெருவுக்கும் செல்போன் டவர் வந்துவிட்டது, அதெல்லாம் பொய்யில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று மைக்கில் சொல்லும்போது நானும் கை தட்டுவேன். சட்டத்தின் முன்னால் போய் நிற்கிற வரைக்கும் உயிர் இருக்க வேண்டுமே என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். நாலு வருஷமாக இப்படி விழுங்கிக்கொண்டிருந்தவள்தான் அன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரியை அறைந்தேன்.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கம்பளி மேல் கிடந்த சட்டையை எடுத்தேன். நீலக்கட்டம் போட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழே வரைக்கும் கிழிந்தது. அவள் பாய்ந்து என் மயிரைப் பிடித்தாள். முதுகிலும் முகத்திலும் மாறி மாறி அடித்தாள்.

"அவருக்கு இருந்ததே இது ஒண்ணுதான்டி! உன் தம்பி செத்தான்னா என் புருசனும் சாவணுமா? அதான உனுக்கு ஆச?"

"சாவக்கூடாதுன்னுதான்டி கிழிச்சேன். வெறுங்கையோட வா. நான் சொல்றத மட்டும் கேளு."

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். ஸ்டேஷன் வாசலில் அதே ஏட்டு. மீசை முழுக்க வெளுத்திருந்தது, விபூதி அப்படியே இருந்தது.

"துணி எங்கம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"கிழிஞ்சிடுச்சு சார்" என்றேன் நான்.

என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "சரி வுடு. நாங்க பாத்துக்கறோம்" என்று உள்ளே போய்விட்டார். சட்டை கொடுக்காவிட்டால் ரத்தத்தோடு கொண்டுவருவார்கள், நீதிபதி கண்ணால் பார்த்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். பஜாரில் சட்டைக்கா பஞ்சம்!

அவள் புருஷனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடையிலிருந்து அப்போதுதான் பிரித்த புதுச் சட்டை. மெரூன் கலர், முழுக்கை, அட்டை மடிப்பு அப்படியே தெரிந்தது. இரண்டு ஆள் போடலாம் போலத் தொளதொளவென்று தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி என்னை முறைத்தாள். அவள் கன்னத்தில் என் விரல் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

இந்த முறை நீதிபதி ஒரு பெண். வேலை அவசரத்தில் இருந்தார். பேப்பரைப் புரட்டிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். அவனும் ஏட்டைப் பார்த்துவிட்டு அதே பதிலைச் சொன்னான். "இல்லீங்கம்மா. ஒண்ணும் இல்லீங்க."

அவர் பேனாவைத் திறந்தார்.

"அம்மா! அந்தச் சட்ட எங்களுது இல்லீங்கம்மா!"

என் குரல் எனக்கே யாரோ கத்துவது போல் கேட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரர் என் கையைப் பின்னால் முறுக்கினார். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. இழுக்க இழுக்கக் கத்தினேன். "நாங்க சட்டையே குடுக்கலம்மா! கேளுங்கம்மா! அது யாரு சட்டன்னு கேளுங்கம்மா!"

"யாரது? இன்னொரு தடவ கத்தினா உள்ள வெச்சிடுவேன்" என்றார் நீதிபதி. நிஜமாகவே கோபம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது தலை நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த கண் அவன் மேல் விழுந்தது. தோளிலிருந்து நழுவும் சட்டையையும் அந்த அட்டை மடிப்பையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது உன் சட்டையா?"

"இல்லீங்கம்மா."

"உன் சட்டை எங்கே?"

அடித்தார்களா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சட்டை எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் உள்ளதைச் சொன்னான்.

"அது பூரா ரத்தமாய்டுச்சிங்கம்மா. பின்னாடி தண்ணித் தொட்டியில போட்டுட்டாங்கோ."

ஏட்டு செருமினார். "மரத்துலேந்து விழுந்துட்டான்மா. பாவம்னு நாங்கதான் சட்ட வாங்கிக்..."

"சட்டையைக் கழட்டச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

அவனால் கையைத் தூக்க முடியவில்லை. கோர்ட்டு சிப்பந்தி வந்து பொத்தான்களைக் கழற்றினார். முன்பக்கம் வந்துவிட்டது. முதுகுப்பக்கம் துணி சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்ததற்கே அவன் போட்ட அலறலில் வெளியே நின்றிருந்தவர்களெல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீதிபதி எழுந்து நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். தொட்டியில் கிடக்கும் துணியை எடுத்து, சீல் வைத்து, சாயங்காலத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்.

அவன் பிழைத்துக்கொண்டான். இடது கையில் இரண்டு விரல் மடங்காது, இனிமேல் கோடாலி பிடிக்க முடியாது. விசாரணை நடக்கிறது. ஏட்டு லீவில் இருக்கிறார் என்கிறார்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் இஸ்திரிப் பெட்டிக்குப் புது ஒயர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கையோடு, நான் கோர்ட்டில் கத்தினதை அம்மாவிடம் நடித்துக் காட்டிவிட்டுப் போனாள். அம்மா முழுசாகக் கேட்டாள்.

அவள் போன பிறகு அம்மா முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

"ரோட்டு வரிக்கும் கேட்டுச்சாமே நீ கத்தினது" என்றாள்.

"ஆமாம்மா."

ஒரு கல்லை எடுத்து வாசலில் வீசினாள்.

"அன்னிக்கும் இதே தொண்டதானடி இருந்துச்சி உனுக்கு?"

நாலு வருஷத்தில் அம்மா ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை.

"அன்னிக்கு அது நம்ம சட்டைம்மா" என்றேன். "நம்மளே குடுத்தது. இன்னான்னு சொல்லிக் கத்துவேன்?"

அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சட்ட நம்மளுது, சரி" என்றாள். "புள்ளையும் நம்மளுதுதானடி."